கழுதைப் பட்டாளத்துப் பூட்டன்

ஊர்காவற்துறை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் ஒரு அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். தங்கையின் கையில் ஒரு பழைய பட்டாளக் கடதாசி.

"அண்ணை, அம்மா சொன்னமாதிரிப் பூட்டன் கப்டன் இல்லையாம். வெள்ளைக்காரன்ர பட்டாளத்தில கழுதை மேய்ச்சவராம்!"

"அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

தங்கை திரும்பவும் கடதாசியைப் பார்த்தாள். "ஊர் புளியங்கூடல் எண்டு கிடக்கு. வீடுதான் எதெண்டு இல்லை."

"நேற்று ஆறு வீட்டில கேட்டம். ஒருத்தரும் தெரியாதெண்டினம். காணியில பங்கு கேக்க வந்தனாங்கள் எண்டு பயம் போல. இண்டைக்கு, காணி கேட்டு வரேல்லை எண்டு முதலே சொல்லுவம்."

பக்கத்துச் சீற்று அக்கா திரும்பினார்.

"மெய்யே, காணி கேக்க வரேல்லையோ?"

"இல்லையக்கா. பூட்டன்ர வீட்டை ஒருக்காப் பாத்தாக் காணும்."

"அம்மாளாணை?"

"அம்மாளாணை!"

"அப்ப அவர் என்ர மனுசனுக்கும் பூட்டன்தான். நேற்றுத் தெரியாதெண்டது அந்த மனுசன். நான் கதவுக்குப் பின்னால நிண்டனான்."

"மச்சாள்!" என்று கத்தியபடி தங்கை பாய்ந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். பஸ் குலுங்கியது.

கொண்டக்டர் மணியை அடித்தார்.

"புளியங்கூடல் வந்திட்டுது. மச்சாள்மார் இறங்கி நிண்டு கட்டிப்பிடியுங்கோ."