ஜோவலின் வேலையை விட்ட விதம்

...மரியாதையாம் மரியாதை! அதுக்குப் பேரு மரியாதையா? உக்காரும்மா, நின்னுக்கிட்டே இருந்தா உன்ன அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது. வேலை கேட்டு வந்திருக்க, இந்த இடம் எப்படிக் காலியாச்சுன்னு தெரிஞ்சுக்க வேணாமா? பேரு ஷைரான்னுதான சொன்ன? நல்ல பேரு. அந்த ஃபேன உன் பக்கம் திருப்பிக்கோ. ரொம்பத் திருப்பாத, எனக்கும் காத்து வேணும்.

நீ உக்காந்திருக்கியே, அதே நாற்காலியில பதினோரு வருஷம் உக்காந்திருந்தா ஜோவலின். இந்த செபு ஊர்ல கல்யாணம், ஞானஸ்நானம், எழவு எதுன்னாலும் ‘எடிதா விருந்து’தான். எடிதா நான். ஆனா போன எடுக்கிறது அவ, பந்திக்கு ஆள் அனுப்புறது அவ, முழுசா சுடுற லெச்சோனுக்கு எந்தப் பன்னி, எத்தன மணிக்குத் தணல்ல ஏத்தணும்னு சொல்றதும் அவ. நான் அவளப் பாத்துக் கத்துவேன். அது என் வேலை. ஒழுங்காத்தான் போய்க்கிட்டிருந்துச்சு.

ஆளுங்க போறது எனக்குப் புதுசா என்ன? சமையக்காரன் தோதோங் போனான் பாரு, அதுக்குப் பேருதான் போறது! ஏப்ரனக் கழட்டி, கொதிக்கிற சூப்புக்குள்ளயே வீசினான். ‘நீயே குடி’ன்னான். நான் கரண்டியத் தூக்கிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் துரத்தினேன். ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்குச்சு, ரெண்டு பேருக்கும் திருப்தி. இப்பவும் கார்பன் மார்க்கெட்ல பாத்தா மொறச்சுக்குவோம். நல்லாத்தான் இருக்கும். டிரைவர் நெஸ்தோர் சம்பளம் வாங்கின மறுநாளே மாயம். வேன் சாவிய மாமியார்கிட்ட குடுத்து விட்டான். நான் மாமியாரத் திட்டினேன், மாமியார் என்னத் திட்டினா, அப்பறம் ரெண்டு பேரும் சேந்து அவனத் திட்டினோம். முடிஞ்சு போச்சு!

இவ என்ன பண்ணா தெரியுமா? கதவத் தட்டினா. இந்த வீட்ல எவனும் கதவத் தட்டினதே இல்ல! நான் வரி ஆபீஸ்லேந்து யாரோன்னு பயந்து நிமிந்து உக்காந்துட்டேன். உள்ள வந்து, ‘மேடம், பத்து நிமிஷம் பேசலாமா? மொதல்ல உங்ககிட்டதான் சொல்லணும்னு வேற யாருகிட்டயும் சொல்லல. நான் வேலைய விடுறேன். சாண்டோ நீன்யோ திருவிழாக் கூட்டம் முடியிற வரைக்கும் இருப்பேன். யாரப் போட்டாலும் நானே சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்’ங்கறா.

‘ஏன்டி, வேற எவனாச்சும் கூடக் குடுக்குறானா?’ன்னேன். ‘இல்ல மேடம்.’ ‘யாராச்சும் எதாச்சும் சொன்னாங்களா?’ ‘இல்ல மேடம். இங்க நெறைய கத்துக்கிட்டேன். ரொம்ப நன்றி.’ நன்றி! பல்லக் கடிச்சுக்கிட்டுச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்ல. மொகத்துல ஒண்ணுமே இல்ல ஷைரா, தொடச்சு வச்ச தட்டு மாதிரி இருந்துச்சு.

சரி, இருக்கப்போற நாள்ல ஒரு சண்டையாவது போட்டு அனுப்பலாம்னு பாத்தேன். பெரிய பானைய ஏன்டி எடம் மாத்தி வச்சன்னு கத்தினேன். மாத்தி வச்சது நானு! ‘மன்னிச்சிருங்க மேடம்’னு திருப்பி வச்சிட்டா. வேணும்னே எரிச்சல் புடிச்ச பார்ட்டிங்களா பாத்து அவ தலையில கட்டினேன். அத்தன பேரையும் சிரிக்க வச்சு, ‘இனிமே எடிதா மேடமே உங்களப் பாத்துக்குவாங்க’ன்னு கையப் புடிச்சு ஒப்படைச்சா. அவங்கள! எங்கிட்டயே!

என் தங்கச்சி புருஷனக் கொண்டாந்து அவ பக்கத்துல உக்கார வச்சேன். எவ்ளோ பொறுமையா சொல்லிக் குடுத்தா! அந்தக் கழுத, அவ போன வாரமே, கல்யாணக் கேக்க எழவு வீட்டுக்கு அனுப்பி வச்சான். ‘நூறாண்டு சேந்து வாழ்க’ன்னு எழுதின கேக்கு. சவப்பெட்டி பக்கத்துல. அந்த விதவை போன்ல என்ன கேட்டான்னு உனக்குச் சொல்ல மாட்டேன், நீ சின்னப் பொண்ணு.

கடைசி நாளு எல்லாருக்கும் அரிசிமாவு பிபிங்கா வாங்கியாந்தா. எனக்கு மட்டும் தனியா, உப்பு முட்டை வச்சது, வாழ எலை கருகாம சுட்டது. நான் தலைவலின்னு ரூமப் பூட்டிக்கிட்டேன். எனக்கென்ன தலையெழுத்தா, அவளுக்குக் கையாட்டணும்னு? கதவுக்கு வெளிய நின்னு, ‘போயிட்டு வர்றேன் மேடம், உடம்பப் பாத்துக்குங்க’ன்னா. கொஞ்ச நேரம் செருப்பு தெரிஞ்சுது, கதவுக்கு அடியில. அப்பறம் தெரியல.

என்ன? நெசமாவே ஏன் போனான்னு கேக்குறியா? யாருக்குத் தெரியும்? அவதான் வாயத் தொறக்கலயே!

...நீ அந்த போஹோல் விஷயத்த எதாச்சும் கேள்விப்பட்டு வந்திருக்கியா? சமையக்கட்டுல எவளாச்சும் சொல்லியிருப்பா. முழுசாக் கேட்டுக்கோ. அவ அம்மா போஹோல் தீவுல படுத்த படுக்கையா கெடந்தா. கப்பல்ல போனா ரெண்டு மணி நேரம், என்னமோ நெலாவுல இருக்குற மாதிரி! அவ கதவத் தட்டுறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, ஒரு சனிக்கிழம காலையில, ‘மேடம், அம்மா கூப்பிடுறாங்களாம், இப்பப் போகட்டுமா’ன்னா. அன்னிக்கு யாரு வீட்டுக் கல்யாணம் தெரியுமா? மேயரோட மச்சான் வீடு! முன்னூறு பேரு! நான் என்ன போகாதன்னா சொன்னேன்? ‘பந்தி முடிஞ்சதும் போ’ன்னேன். அவ்ளோதான். அவளும் ‘சரி மேடம்’னு நின்னு பரிமாறினா. ஒரு தட்டு ஒடையல. பந்தி முடிஞ்சு கப்பல் புடிச்சுப் போனா... எறங்குறதுக்குள்ள கெழவி போய்ட்டா.

அதுக்கு நான் என்ன பண்றது? கெழவி எனக்குச் சொல்லிட்டா சாவப்போறா?

நான் கொற வைக்கல ஷைரா. எழவுக்கு முழுசா ஒரு லெச்சோன் அனுப்பி வச்சேன். தோலு மொறுமொறுன்னு, தட்டினா சத்தம் கேக்கும். அப்பறம்தான் தெரியுது, அந்தக் குடும்பம் ஏதோ ஒரு சபையாம், பன்னிக்கறியத் தொடவே மாட்டாங்களாம். பதினோரு வருஷம் பன்னி ஆர்டர் எடுத்தவ, எங்கிட்ட ஒரு நாளாச்சும் சொல்ல வேணாம்? நானும் கேக்கல, சரி. மத்தியானச் சோத்துக்கு அவ மட்டும் மீனே சாப்பிடுவா. மீன் புடிக்கும் போலன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த லெச்சோனுக்கும் நன்றின்னு மெசேஜ் அனுப்பினா. நானும் பதில் அனுப்பினேன்... ஃப்ரீசர் சாவி எங்கன்னு. அவசரம்மா! உள்ள கறி மாட்டிக்கிச்சு! அடக்கம் நடந்துக்கிட்டிருக்குன்னு எனக்கென்ன தெரியும்? ‘ரெண்டாவது டிராயர்ல மேடம்’னு ஒடனே பதில் வந்துச்சு.

திட்டியிருக்கலாம்ல? ‘நீயெல்லாம் பொம்பளையா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? எங்கிட்ட பதில் இருந்துச்சு. பந்தி, முன்னூறு பேரு, என் பேரு, எங்கம்மா செத்தப்ப நானும் அடுப்பு முன்னாடிதான் நின்னேன்... எல்லாம் ரெடியா வச்சிருந்தேன். கேட்டாத்தான சொல்ல முடியும்? கேக்காமலே போய்ட்டா, கல்நெஞ்சக்காரி. பெரிய ஒழுங்கு! இந்தக் காலத்துப் பொண்ணுங்க இதையெல்லாம் எங்கதான் படிக்குதுங்களோ!

லீவா? உனக்கு லீவு உண்டான்னா? மொத நாளே லீவப் பத்திக் கேக்குற பாரு! தருவேன்மா, தராம என்ன, பந்தி இல்லாத நாளாப் பாத்து... இரு, போன் அடிக்குது. பேசாம உக்காரு.

ஹலோ! எடிதா விருந்து... ஆங், வாங்க வாங்க, மிசஸ் இபான்யெஸ்! எப்படி இருக்கீங்க? பையன் கல்யாணமா? சந்தோஷம்... யாரு, ஜோவலினா? அவகிட்டதான் பேசணுமா?... இல்லங்க, அவ... அவ லீவுல இருக்கா. அவங்கம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, ஊருக்குப் போயிருக்கா. ஆமா, ஆமா... நான்தான் அனுப்பி வச்சேன். மூணு கல்யாணம் இருந்துச்சு அன்னிக்கு. இருந்தா என்ன? ‘மொதல்ல அம்மாவப் பாரு, போ’ன்னு நான்தான் கப்பல் ஏத்தி விட்டேன்... அட, இதுல என்னங்க இருக்கு. வருவா. வந்ததும் பேசச் சொல்றேன்.

...தூசி. இந்த ஃபேன்ல எப்பவும் ஒரே தூசி, கண்ணெல்லாம் எரியுது. சரிம்மா, நீ எப்பலேந்து வர்ற? திங்கக்கெழம வந்துரு. ஷைரா?

ஏய், ஷைரா!

...கதவ யாரு இவ்ளோ மெதுவா சாத்தினது?