வாசலோடு நின்றுவிட்டவருக்கு

“வாசலில நிண்டு என்னத்தைக் கண்டம், சேர்? வாக்குத் தந்திருக்கிறாங்கதானே, திங்கட்கிழமை உள்ள போவம்...”

“ஆர் தந்தது, சாஹுல்? ஆரெண்டு பேர் சொல்லும் பாப்பம்...”

“பேரைக் கேட்டு என்ன செய்யப் போறீங்க? கட்சிக்காரர் வேற ஊர்ச் சட்டத்தரணியைத் தேடிப் போறாங்க...”

“போகட்டும். நீதவான் திரும்பி வரட்டும், நானும் உள்ளுக்கு வாறன்.”

நீதியின் நெடுந்தூணே, நேர்மையின் நிலைக்களனே, அச்சம் அறியா அறத்தின் அணிகலனே, சட்டத்தரணி அமிர்தநாயகம் அவர்களே! எங்கள் சட்டத்தரணிகள் சங்கச் செயலாளர் சாஹுல் ஹமீட்டும் நீங்களும் நீதிமன்ற வாசலில் இப்படி முட்டிக்கொண்டு மூன்று வருடமாகிறது. இன்று அதே சாஹுல்தான் உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார்.

கடற்கரை மணலை அள்ளிய கம்பனிக்கு எங்கள் நீதவான் தடையுத்தரவு இட்டார். அதை நீக்கச் சொல்லித் தொலைபேசியில் வந்த மிரட்டலைத் திறந்த மன்றிலேயே வெளிப்படுத்தினார். அந்தக் கிழமையே அவருக்கு இடமாற்றம் வந்தது. அவர் திரும்பும்வரை எவரும் எந்த வழக்கிலும் தோன்றுவதில்லை என்று அன்றைய தலைவரான நீங்கள் அறிவித்தீர்கள். கறுப்புப் பட்டியால் வாய் கட்டி, கறுப்பு அங்கியோடு வெயிலில் வரிசையாய் நின்றோம். படம் பிடிக்க வந்தவர்களுக்கு முன்னால் நன்றாகவே நின்றோம்.

ஆயினும் எங்கள் பகிஷ்கரிப்பில் ஒரு பிழை இருந்தது. மணல் லொறியை மறித்த, அரிப்பு என்ற ஊரின் மீனவர் தாவூது விளக்கமறியல் சிறையில் கிடந்தார். எந்த மணலுக்காக நீதவானை இழந்தோமோ, அதே மணலுக்காகப் பிடிபட்டவருக்குப் பேச எங்களில் ஒருவரும் இல்லை. அவர் மனைவி நசீறா உங்களைத்தான் மறித்தார்.

“கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியில நிக்கிறீங்க, சேர். என்ட மனிசனுக்கு ஆரு கதைக்கிற?”

வாய்ப் பட்டியை அவிழ்த்தீர்கள். சிறைச்சாலை பஸ் வந்து நின்றதும் அதன் கம்பி யன்னலோரம் போய், தானே எழுந்து பிணை கேட்கும் விதத்தைத் தாவூதுக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். சந்தேகநபர் அப்படிக் கேட்கலாம் என்பது நாங்கள் எல்லோரும் படித்ததுதான்.

“எனக்குக் கைகால் நடுங்கும், சேர்.”

“நடுங்கட்டும். வள்ளத்தில நிண்டு கத்துற மாதிரிக் கத்தாதேங்கோ, அவ்வளவுதான்.”

புதிதாய் வந்த நீதவானிடம் தானே எழுந்து கேட்டு, அன்று மாலையே தாவூது பிணையில் வந்தார். பகிஷ்கரிப்பும் முறியவில்லை, மனிதரும் கைவிடப்படவில்லை.

முறித்தவர்கள் நாங்கள். நீதவான் திரும்புவார் என்று பெயரில்லாத யாரோ தந்த வாக்கை நம்பியதாகக் காட்டிக்கொண்டு திங்கட்கிழமை உள்ளே போனோம். உங்களைத் தலைமையிலிருந்து இறக்கினோம். நீதவான் திரும்பவில்லை. தடையுத்தரவு நீங்கியது, லொறிகள் ஓடுகின்றன. சொன்ன சொல் காத்த நீங்களோ நீதிமன்றப் படியை அதன்பின் மிதிக்கவே இல்லை. அதற்கு ஓய்வு என்று நாகரிகமாய்ப் பெயர் சூட்டி, மாலையும் மேளமுமாய் விழா எடுக்கிறோம்.

கரையோரச் சட்டத்தரணிகள் சங்கத்தார் அனைவரும் கீழே கையொப்பமிட, அவர்கள் சார்பில் எழுதும் மூத்த சட்டத்தரணி மார்த்தாவாகிய நான், நீங்கள் நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழ மடு மாதாவை மன்றாடுகிறேன். அழைப்பிதழோடு உப்புக்குளத்து வீட்டுக்கு நாங்கள் வந்தபோது, கதிரை போட்டுத் தேநீர் தந்து நீங்கள் கேட்டதையும் சபையறிய இம்மடலில் சேர்க்கிறேன்.

“மடலில என்னத்தையும் எழுதுங்கோ, மார்த்தா. இப்ப இருக்கிற நீதவானுக்கும் ஒரு போன் வந்தால், உங்களில ஆர் வெளியில வருவீங்கள்?”