இரண்டு மந்திரிகளுக்கு நடுவே

கால் வீக்கம் இன்னும் வடியவில்லை, நீதிபதி அவர்களே. ஆகையால் உட்கார்ந்தபடியே சொல்கிறேன். ஆயுள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வருகிற வீக்கம் இது. மந்திரிகளுக்கு வராது. அவர்களில் யாரும் அத்தனை நாள் உட்கார்ந்ததில்லை.

என் காலத்தில் எங்கள் உள்துறை அமைச்சகத்துக்கு எத்தனை மந்திரிகள் வந்தார்கள் என்று எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். லிபரல்கள் வருவார்கள், அப்புறம் விவசாயிகள் கட்சிக்காரர்கள் வருவார்கள், இரண்டும் வேண்டாம் என்று ஒரு ஜெனரல் வருவார். ஒவ்வொருவரும் ஒரு மச்சானைக் கூட்டிக்கொண்டு வருவார். மாவட்ட அதிகாரிகள் எல்லாரும் ஒரே நாளில் மாறுவார்கள், வாசற்காவலன்கூட மாறுவான். போகிறவர் அவசரத்தில் ரப்பர் காலணியை விட்டுவிட்டுப் போவார். வருகிறவருக்கு அளவு சரியாக இருந்தால் அவர் மாட்டிக்கொள்வார். நான் மட்டும் மாறவில்லை. பெருமையாகச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொல்கிறேன்.

எங்கள் வழக்கம் தங்களுக்குத் தெரியும். மந்திரிசபை விழுந்துவிட்டால், புதியவர்கள் அரண்மனையில் சிலுவையின் மேல் கைவைத்துப் பிரமாணம் எடுக்கும்வரை பழைய மந்திரியேதான் நாற்காலியில் இருப்பார். ஆனால் அன்றாடக் காரியங்களுக்கு மட்டுமே அவர் கையெழுத்துப் போடலாம். அடுப்புக் கரி, மண்ணெண்ணெய், சம்பளம் இந்த மாதிரி. கொள்கைக் காரியங்கள் புதியவருக்காகக் காத்திருக்க வேண்டும். எது அன்றாடம், எது கொள்கை என்று சட்டத்தில் எங்கேயும் எழுதவில்லை. அதைப் பிரித்துவைப்பவன் டைரக்டர். அதாவது நான்.

அந்தக் குளிர்காலத்தில் விழுந்த மந்திரிசபையில் எங்கள் மந்திரி ஸ்கார்லாத் மொவிலேயானு. முரட்டு மனிதர். பத்திரிகைகள் அவரைக் கசாப்புக்காரர் என்று எழுதின. ரயில்வே பட்டறை வேலைநிறுத்தத்தில் ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டவர் அவர்தான். அவரிடம் எனக்கிருந்த குறை வேறு. அவர் படிப்பார். நீட்டுகிற ஒவ்வொரு காகிதத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, "இது எதுக்குய்யா?" என்று கேட்பார். மற்ற மந்திரிகள் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நாடு நடந்தது அவர்கள் படிக்காததால்தான். மறுபடி அவர் வந்தால் என்னை ஓய்வில் அனுப்பிவிடுவார் என்று நடைக்கூடத்தில் பேச்சு இருந்தது. அதற்காக நான் இதையெல்லாம் செய்யவில்லை.

பிடிபட்டவர்களில் இலாரியோன் என்று ஒரு கடைசல்காரன், பட்டறைத் தொழிலாளி. கோட்டைச் சிறையில் உண்ணாவிரதம் இருந்தான். மந்திரிசபை விழுந்த அன்றுதான் அவன் விரதத்தை விடச் சம்மதித்தான். ஆனால் இதயம் பலவீனமாகிவிட்டது, நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் பிழைப்பான் என்று சிறை டாக்டர் எழுதி அனுப்பினார். மாற்றுவதற்கு மந்திரி கையெழுத்து வேண்டும். அந்தக் காகிதம் என் மேசைக்கு வந்தது. நான் அதைக் கொள்கைப் பக்கம் வைத்தேன்.

அவன் மனைவி பராஸ்கிவா தினமும் வந்து என் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்காருவாள். சத்தம் போடமாட்டாள், அழமாட்டாள். நான் வெளியே வரும்போதெல்லாம் எழுந்து நிற்பாள். அதுதான் எனக்குத் தொந்தரவாக இருந்தது.

"டைரக்டர் ஐயா, இன்னைக்காவது கையெழுத்து ஆயிடுமா?"

"மந்திரி இல்லையேம்மா."

"உள்ள ஒருத்தர் உக்காந்திருக்காரே, ஐயா. இருமுற சத்தம்கூடக் கேக்குது."

"அவர் போன மந்திரி."

"அப்ப வர்ற மந்திரி எங்க?"

"இன்னும் வரலை."

"ரெண்டு பேருக்கும் நடுவுல என் வீட்டுக்காரர் சாகணுமா, ஐயா?"

கோபமாகக் கேட்கவில்லை. மளிகைக் கடையில் கணக்குக் கேட்பவளைப் போலக் கேட்டாள். நான் அவளுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னேன்.

மொவிலேயானுவே கேட்டார். அதையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் அவரிடம் விசாரித்திருப்பீர்கள்.

"என்னய்யா பாந்தெலிமோன், கரிக்கும் எண்ணெய்க்கும்தான் நான் லாயக்கா? அந்தப் பட்டினிக்காரன் காகிதம் எங்க? கொண்டா, போட்டுத் தொலைக்கிறேன்."

"அது கொள்கை விஷயம்ங்க."

"ஒருத்தனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறது கொள்கையா?"

"ராஜினாமா பண்ணினவர் அரசியல் கைதியை வெளிய அனுப்பினார்னு நாளைக்கு நாடாளுமன்றத்துல கிழிப்பாங்க. உங்க இஷ்டம்."

முரடர்களுக்கு நாடாளுமன்றம் என்றால் ஒரு பயம் உண்டு. பேனாவை மூடிவிட்டார்.

இதற்கிடையில் புதிய மந்திரிசபை உருவாகிக்கொண்டிருந்தது. நிதிக்கு யார், விவசாயத்துக்கு யார் என்பதெல்லாம் முடிந்துவிட்டது. எங்கள் அமைச்சகத்துக்கு மட்டும் இரண்டு பேர். சட்டப் பேராசிரியர் லாஸ்கு ஒருவர். சாதுவானவர், மூக்குக் கண்ணாடி இருக்கும் இடம் மறந்துபோகிறவர், எதை நீட்டினாலும் நன்றி சொல்லிக் கையெழுத்துப் போடுகிறவர். இன்னொருவர் மறுபடியும் மொவிலேயானு. பிரதமராக வரவிருந்தவரின் செயலாளர் எனக்குப் பழக்கம். ஒரு நாள் மதியம் என் அறையில் உட்கார்ந்து, "மொவிலேயானுதான். அரண்மனைக்கு இரும்புக் கை வேணுமாம். ஏதாவது பெரிய அசிங்கம் நடந்தாத்தான் மாறும்" என்றார்.

அன்று காலைதான் டாக்டர் போனில் பேசியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பாவிட்டால் சாயங்காலம் தாண்டமாட்டான் என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். எப்படியும் நடக்கப்போகிற ஒன்று, நாலைந்து மணி நேரம் முன்னாலேயே நடந்தால் நாட்டுக்கு நல்ல மந்திரி கிடைப்பார். செயலாளர் போனபின் நடைக்கூடத்துக்கு வந்தேன். பத்திரிகைக்காரர்கள் வழக்கம்போலக் கணப்பைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். இலாரியோன் இறந்துவிட்டான் என்று சொன்னேன்.

பராஸ்கிவா வழக்கம்போல எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது.

உடலைக் கேட்டாள். அரசு வழக்கறிஞர் பார்க்க வேண்டும், தாமதமாகும் என்றேன். சிறை அதிகாரி வாய் திறக்கவில்லை. மந்திரி போவார், டைரக்டர் போகமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். மாலைப் பத்திரிகைகளில் மொவிலேயானுவின் படத்தைக் கறுப்புக் கட்டத்துக்குள் போட்டார்கள். அவர் என்னைக் கூப்பிட்டு, "நான் கேட்டேனேய்யா" என்றார். பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் லாஸ்கு, யாரிடமோ இரவல் வாங்கிய வால்கோட்டில் பிரமாணம் எடுத்தார். விரல்கள் கோட்டின் கைக்குள் முழுவதும் மறைந்துபோயிருந்தன.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். இலாரியோன் சாகவில்லை.

சாயங்காலத்தைத் தாண்டினான். இரவையும் தாண்டினான். பிரமாணம் முடிந்து நான் திரும்பி வந்தபோது பராஸ்கிவா ஒரு தட்டோடு உட்கார்ந்திருந்தாள். கொலிவா. இறந்தவர் பேரில் கோதுமையை அவித்து, சர்க்கரையும் வால்நட்டும் கலந்து, மேலே சிலுவை போட்டுப் பங்கிடுவார்களே, அது. வாங்குகிறவர் ஒரு வாய் தின்று, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் போன ஆத்மாவுக்குச் சேரும்.

"உங்களுக்கும் ஐயா. நீங்க காப்பி குடுக்கச் சொன்னீங்க. மறக்கலை."

உயிரோடிருப்பவன் பேரில் கொலிவா தின்னக் கூடாது, அவன் ஆயுளைத் தின்பதாகும் என்று எங்கள் பெண்கள் சொல்வார்கள். நான் படித்தவன், அதையெல்லாம் நம்புவதில்லை. தின்றேன். சொல்ல வேண்டியதையும் சொன்னேன். இனிப்பு சற்றுக் கூடுதலாக இருந்தது. அவள் என் கையைத் தொட்டு முத்தமிட்டாள். அப்போது எனக்கு மிகவும் களைப்பாக இருந்தது, வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும்போல் இருந்தது.

புது மந்திரி உள்ளே இருந்தார். ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டியிருந்தால் நன்றி சொல்லிப் போட்டிருப்பார். ஆனால் அவர் உள்ளே வந்ததே அந்தச் சாவின் மேல் ஏறித்தான். செத்தவன் எழுந்து நடந்தால் மந்திரிசபை அன்றே கவிழும். மறுபடி மாவட்ட அதிகாரிகள், மறுபடி மச்சான்கள். என்னால் இன்னொரு முறை முடியாது.

டாக்டர் மறுபடி போன் செய்தார். குரலில் சந்தோஷம்.

"டைரக்டர் ஐயா, தேறிட்டான். எழுந்து சுவர்ல சாஞ்சு உக்காந்திருக்கான். பெண்டாட்டி வந்தாளான்னு கேக்கிறான். இன்னொரு டம்ளர் பால் வேணுமாம்."

"யாருக்கு?"

"இலாரியோனுக்குத்தாங்க."

"செத்தவனுக்கு எதுக்கு டாக்டர் பால்?"

டாக்டர் போனை வைத்துவிட்டார். அன்றே அவனுக்குப் பாலை நிறுத்தி, சிறை அறையின் கணப்பையும் அணைத்துவிட்டதாக நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவன் அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தான் என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துத்தான் கேட்கவில்லை.

டாக்டர் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார், சரி. நல்ல மனிதர், மனசு தாங்கவில்லை. உயிரோடிருந்தவருக்கு என் கையாலேயே கொலிவா அவித்தேனே என்று பராஸ்கிவா தலையில் அடித்துக்கொண்டதாகவும் சொன்னீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பாலை நிறுத்து என்று நான் உத்தரவிட்டதாக ஒரு வரி இருக்கிறதே, அதை அடித்துவிட வேண்டும். உத்தரவு போடும் அதிகாரம் மந்திரிக்குத்தான் உண்டு, நீதிபதி அவர்களே. நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.