நான்கு மில்லிமீட்டர்

என் ஃபைலைக் கொடுங்கள் என்று நான் கேட்டது உங்களுக்கு நினைவிருக்காது, சார். மூன்று வருடத்துக்கு முன்பு, உங்கள் அறையில், நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டேன். டாக்டரிடம் எதை வேண்டுமானாலும் கேள், காகிதத்தை மட்டும் கேட்காதே என்று சொல்லித்தான் அம்மா என்னைக் குன்னூரில் பஸ் ஏற்றிவிட்டாள். இலங்கையிலிருந்து வந்த எஸ்டேட் ஆட்களுக்குக் காகிதம் என்றால் அப்படி ஒரு பயம். கேட்டால் இருப்பதும் போய்விடும் என்று நினைப்பார்கள். எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் நான்தான் முதல் பட்டதாரி. பி.எஸ்சி. இயற்பியல். அந்தப் பயம் எனக்கு இல்லை.

நீங்கள் சிரித்தீர்கள். “ஆறுக்கு ஆறு பார்வை இருக்குதும்மா. ஃபைல வாங்கி ஃப்ரேம் போட்டு மாட்டப் போறீங்களா? சந்தோஷமா இருங்க.”

ஆறுக்கு ஆறு இருந்தது உண்மை. போர்டின் கடைசி வரியைப் படித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதன் நிழலும் சேர்ந்து தெரிந்தது. விளக்குகள் எல்லாம் முள்ளம்பன்றிகளாக நின்றன. காலையில் இமை கண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது தோல் உரிவது போல இருக்கும். பத்து மணிக்குப் புருவத்தில் தொடங்கும் வலி மதியத்துக்குள் பிடரிக்கு இறங்கிவிடும். எஸ்.ஐ. தேர்வுக்காகத்தான் லேசர் செய்துகொண்டேன். கண்ணாடி போனது. அரை மணி நேரத்துக்கு மேல் படிக்க முடியாமல் தேர்வும் போனது.

இதை மலையில் இருந்துகொண்டு சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. “பனி எறங்கினா எல்லாத்துக்கும் லைட்டு அப்பிடித்தான் தெரியும், பிள்ள” என்றாள் அம்மா. தப்பில்லை. இங்கே வருடத்தில் பாதி நாள் எல்லோருக்குமே விளக்கைச் சுற்றி வளையம் உண்டு. அவர்களுக்குப் பனி விலகும். எனக்கு விலகவில்லை என்பதை நம்பவைக்க என்னிடம் எதுவும் இல்லை.

அதனால்தான் ஆறு மாதக் கண் பரிசோதனைப் பயிற்சி முடித்து இங்கே வேலைக்கு வந்தேன். நம்ம பேஷண்ட்டே நம்ம ஸ்டாஃப் என்று நீங்கள் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னீர்கள். சேர்ந்த இரண்டாவது வாரம் என் ஃபைலைத் தேடி எடுத்துவிட்டேன்.

அதில் ஒரு தப்பு இருக்கும் என்று நம்பியிருந்தேன். எஸ்டேட் பெண்தானே என்று யாராவது அசட்டையாக எழுதியிருப்பார்கள், அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று பல மாதம் மனதுக்குள் பேசிப் பழகியிருந்தேன். ஒரு தப்பும் இல்லை. கருவிழித் தடிமன் சரி. கண்ணீர் அளவு பதினாறு, பதினேழு, அதுவும் சரி. எல்லாம் சரியாகச் செய்தாலும் சிலருக்கு இப்படி ஆகலாம் என்று நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே அச்சாகியிருந்தது. உங்கள் மேல் குற்றமில்லை, சார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஃபிங்கர் போஸ்ட்டில் என் வாடகை அறையில் டியூப் லைட்டைக் கழற்றி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலில் கம்பளியை மாட்டிவிட்டுப் படுத்திருப்பேன். ஒரு வாரம் முழுக்க, நோயாளிகளை அடுத்தவர் என்று கூப்பிடுவதைத் தவிர வேறொன்றும் பேசாமல் இருந்திருக்கிறேன். இதை இரக்கத்துக்காக எழுதவில்லை. விளக்கம் கேட்டீர்கள், அதில் இதுவும் வரும்.

கோகிலவாணியை உங்களுக்குத் தெரியும். எமரால்டு ஊர்க்காரி. அப்பா கேரட் போடுகிறார். பி.காம். முடித்துவிட்டு வனக்காவலர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்கும் அவள்தான் முதல் பட்டதாரி. கோவையில் லேசர் முடிந்து மூன்றாவது வாரம் நம்மிடம் ரிவ்யூவுக்கு வந்தாள். டார்ச்சை அடித்தேன். தலையைத் திருப்பிக்கொண்டாள்.

“ஏனுங்கக்கா, சொன்னாச் சிரிக்கக் கூடாது. லைட்டு பூரா முள்ளு முள்ளாத் தெரியுது.”

டார்ச்சை அணைத்தேன். “எழுத்துக்குக் கீழ நெழல் விழுதா?”

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை.

அதன் பிறகு செவ்வாய்க்கிழமை எங்கள் நாளாகிவிட்டது. ரிவ்யூ இல்லாவிட்டாலும் வருவாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வருகிற பஸ்ஸுக்கு எத்தனை விளக்கு என்று எண்ணுவோம்.

“எனக்கு ஆறு” என்பேன்.

“எனக்கு நாலுதானுங்க. நீங்க சீனியர்.”

ஒரு நாள், “எங்கம்மா போன நோண்டாத, தலவலி போயிருங்குது. உங்கம்மா பனிங்குது. ரெண்டு பேத்தையும் கோயமுத்தூர் கூட்டிட்டுப் போயி லேசர் பண்ணியுட்டர்லாங்கக்கா, அப்பத் தெரியும்” என்றாள். இருவரும் சிரித்தோம். அந்த யோசனை எனக்குப் புதிதல்ல என்பதை நான் சொல்லவில்லை.

மாதம் ஒருமுறை அவள் கீழிமையில் காகிதப் பட்டையை மடித்து வைத்து, ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு நனைந்திருக்கிறது என்று அளந்தவள் நான்தான். பதின்மூன்று, பதினொன்று, பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று ஃபைலில் இருக்கிறது. கண்ணில் ஈரம் போதுமான அளவு இருந்ததால் நீங்கள் ஒற்றைத் தலைவலிக்கு மாத்திரை எழுதினீர்கள். அது கேட்கவில்லை என்றதும் மனநல ஆலோசனைக்கு அனுப்பினீர்கள். தாளில் இருந்ததைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். ஆலோசகரிடம் அவளைக் கூட்டிப்போனதும் நான்தான்.

“எனக்குப் பைத்தியமாங்கக்கா?”

“உனக்குன்னா எனக்கும்தான்” என்றேன். தோளில் சாய்ந்துகொண்டாள்.

தேர்வு நாளில் வினாத்தாள் இரண்டு இரண்டாகத் தெரிந்து, பாதியில் எழுந்து வந்துவிட்டாள். இப்போது அப்பாவோடு கேரட் கழுவும் இடத்துக்குப் போகிறாள். அன்று நான் லீவு போட்டு நாள் முழுக்க அவளோடு இருந்தேன். வேறு யார் இருந்தார்கள்?

போன வாரம் எனக்குக் காய்ச்சல். என்னோடு வேலை பார்க்கப் புதிதாக வந்த லோயிஸ் அவளுக்குப் பட்டை வைத்திருக்கிறாள். வலது நான்கு, இடது மூன்று. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்டாள். “ஒரு மாசத்துல பன்னெண்டு நாலாகுமா? நடுவுல சஹாரா போயிட்டு வந்தாளா இவ?” அதன் பிறகு நீங்கள் இந்தத் தாளைக் கொடுத்தீர்கள். வேறுபாட்டுக்குக் காரணம் எழுதவும் என்று ஐந்து கோடு. கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தி, “பட்டை பாக்கெட் பழசுன்னு எழுதிருங்க, முடிஞ்சுது” என்றீர்கள். உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. பாக்கெட் பழையதல்ல. இடம் போதாததால் பின்பக்கமும் எழுதுகிறேன்.

வேறுபாடு எதுவும் இல்லை, சார். எட்டு மாதமும் அவளுக்கு நான்குதான். லேசருக்கு முன்பும் நான்குதான்.

முதல் நாள் கனத்த கண்ணாடியோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். பட்டை நான்கில் நின்றது. நான்கு என்று தெரிந்தால் லேசர் வேண்டாம் என்று சொட்டு மருந்து கொடுத்து அனுப்பியிருப்பீர்கள். கோவையில் கருவிழியை மட்டும்தான் மறுபடி அளப்பார்கள். கண்ணீர் அளவு நாம் அனுப்புவதுதான். நான்கு என்று எழுதினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதற்கு முன்னால் ஒரு ஒன்று போட்டேன். மற்றக் கண்ணுக்கும் அப்படியே.

கோபத்தில் செய்யவில்லை. அவளை எனக்குப் பிடித்திருந்தது. படித்தவள். எதையும் விளக்கமாகச் சொல்லத் தெரிந்தவள். அதற்கு முன்பு நான்கும் ஐந்துமாக வந்த இரண்டு பேரை உள்ளதை உள்ளபடி எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்; அவர்கள் ஒண்ணுமில்லீங்க, ஒண்ணுமில்லீங்க என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் இப்படிச் செய்கிறவள் அல்ல நான்.

கண்ணீர் வடியும் துளையில் சின்னதாக ஒரு அடைப்பு வைத்தால் அவளுக்குச் சரியாகிவிடும். பத்து நிமிட வேலை. இரண்டு மாதத்தில் தலைவலி போகும், முள்ளும் உதிரும். இது எனக்கு எட்டு மாதமாகத் தெரியும். என் கண்ணில் ஈரம் இருப்பதால் எனக்கு அது உதவாது. அவள் மட்டும் குணமாகிப் போயிருப்பாள். அதனால்தான் மாதாமாதம் பன்னிரண்டு என்றும் பதின்மூன்று என்றும் எழுதினேன்.

வியாழக்கிழமை அடைப்பு வைக்க லோயிஸ் ஏற்பாடு செய்திருக்கிறாள். இன்று காலை கோகிலா எனக்குப் போன் செய்தாள். “லோயிஸ் மேடம் வரச் சொல்றாங்க. என்னமோ அடைப்பு வெக்கறாங்களாம். போலாமுங்களாக்கா? நீங்க சொன்னாச் சரி.” போனில் வேண்டாம், நேரில் வந்து பேசுகிறேன் என்றேன்.

இதைப் படித்ததும் நீங்களும் அவளைக் கூப்பிடுவீர்கள். கூப்பிடுங்கள். என்னைக் கேட்காமல் அவள் எதற்கும் சரி சொல்ல மாட்டாள். போலீஸில் கொடுப்பதென்றாலும் கொடுங்கள். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். தாளை உங்கள் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். இரண்டு மணிக்கு எமரால்டு பஸ் இருக்கிறது. அவளிடம் என்ன சொல்வது என்பதை இதை எழுத உட்காருவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டேன். அவசரப்படாதே என்று சொல்வேன். ஏற்கனவே ஒருமுறை யாரையோ நம்பிக் கண்ணைக் கொடுத்து என்ன ஆனது என்று கேட்பேன். இன்னொரு முறை அவள் கண்ணில் யாரும் கைவைக்க நான் விடமாட்டேன்.