நிக்காத கரடி

...அறிவுரை போதும்னு உங்க மூஞ்சியே சொல்லுது. கடைசி வரிசையில ஒரு அப்பா மூணு தடவ வாட்ச் பாத்துட்டாரு. சரி, ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன், அப்புறம் டீ.

ஓவியக் கல்லூரில சேர ஒரு நுழைவுத் தேர்வு. தேர்வு எங்க நடக்குது தெரியுமா? மிருகக்காட்சி சாலைல! ஆளுக்கு ஒரு மிருகம். காலைல பத்து மணிக்கு உள்ள போகணும். பாத்து வரையணும், வண்ணம் தீட்டணும், சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கொடுத்துடணும்.

அதுக்கு இசக்கியம்மாள்னு ஒரு பொண்ணு வந்திருந்தா. தென்காசிப் பக்கம். சென்னையில ஒரு துணிக்கடைல சேலை விரிச்சுக் காட்டுற வேலை. ஏற்கனவே ரெண்டு தடவ எழுதிக் கிடைக்கல, இது மூணாவது. வயசு வரம்பு இந்த வருஷத்தோட சரி. இன்னிக்கு விட்டா... அவ்வளவுதான், ஆயுசு பூரா சேலைதான்.

சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. அவளுக்கு வந்தது கரடி.

கரடி நிக்குமா? நிக்காது! இந்த மரத்துக்கும் அந்தப் பாறைக்கும் போகுது, வருது... போகுது, வருது... இவ முகத்த வரைய ஆரம்பிச்சா அது முதுகக் காட்டுது. முதுக வரைஞ்சா திரும்பி முறைக்குது. அழிக்கிறா. மறுபடி போடுறா. மறுபடி அழிக்கிறா. தாளே நைஞ்சு போச்சு. வேலியப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுறா... "ஏ கரடி, ஒரு நிமிசம் நில்லேன்! ஒன் கால்ல விழுதேன்!" கேக்குமா அது?

மணி மூணு. அப்பதான் பக்கத்துல பாக்குறா... ஒரு போர்டு. 'கரடி'ன்னு பேரு எழுதி, மேல ஒரு படம். அழகான கரடி, சிரிச்ச முகம். முக்கியமா... அது நிக்குது! அசையாம நிக்குது!

டக்குனு திரும்பி உக்காந்துட்டா. போர்டுக்கு முகம், கரடிக்கு முதுகு. விறுவிறுன்னு வரையுறா.

மணி நாலரை. இப்பப் பாருங்க... அந்தக் கரடி நேரா வேலிகிட்ட வந்து, ரெண்டு கால்ல எந்திரிச்சு, சும்மா நின்னுச்சு. அசையவே இல்ல! கூட்டம் ஓடி வருது, "ஏய், பாரு பாரு, கரடி பாரு!" நம்ம இசக்கி என்ன சொன்னா தெரியுமா? "எண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க... போர்டு மறைக்குல்லா!"

அஞ்சு மணிக்குத் தேர்வு நடத்துற அம்மா படத்த வாங்கிப் பாத்தாங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க. "அந்தக் கரடிக்கு எந்தக் காதும்மா கிழிஞ்சிருக்கு?"

பட்டுனு வந்துச்சு பதில். "இடது காது, மேடம். பின்னங்கால லேசா இழுத்துத்தான் வைக்கும். பாறைகிட்ட வந்தா ஒரு தடவ முதுகத் தேய்க்கும்."

"நீ வரைஞ்சதுல ரெண்டு காதும் முழுசா இருக்கே?"

இசக்கிக்கு இடம் கிடைக்கல. எனக்கு இப்பவும் நெனச்சா வயிறு எரியுதுங்க. அவளுக்குக் கண்ணு இல்லையா? இருக்கு! நாள் பூரா பாத்திருக்கா. ஆனா ஓடுனத நம்பல... நின்னத நம்பிட்டா.

இப்ப உங்ககிட்ட வர்றேன். சிரிக்காதீங்க. உங்க வீட்டுலயும் ஒண்ணு ஒரு இடத்துல நிக்காம சுத்திட்டு இருக்கு. பின்னாடியே ஓடிப் பாக்க நமக்குப் பொறுமை இல்ல. அதனால திரும்பி உக்காந்து மார்க்கு அட்டையப் பாக்குறோம். அது அசையாது பாருங்க! என்னைக்காவது ஒரு நாள் அதுவா வந்து, "அம்மா, ஒண்ணு சொல்லணும்"னு பக்கத்துல நிக்கும்... அன்னைக்குப் போய் "தள்ளு, வெளிச்சம் மறைக்குது"ன்னு சொல்லிடாதீங்க, உங்களக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்.

சரி, ஒரு கேள்வி. போன பரீட்சையில பிள்ளை கணக்குல எவ்வளவு மார்க்குன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க. ...அடேயப்பா, எல்லாருமா! கைய இறக்குங்க. இப்போ... பிள்ளைக்கு எந்தப் பல்லு ஆடிட்டு இருக்குன்னு தெரிஞ்சவங்க?

...

பரவால்ல. டீயக் குடிச்சிட்டு, வீட்டுக்குப் போய், வாயத் திறக்கச் சொல்லிப் பாருங்க.