காடைக்குஞ்சை மேடைக்குக் கொண்டுவராத காரணம்

என் வெறுங்கையைக் கண்டும் காணாததுபோல் வீற்றிருக்கும் அவைத்தலைவர் அவர்களே! ஆய்வுக்கூடத்து அறிஞர்களே! அனுபவத்தில் மூத்த பெரியோர்களே! அள்ளி அணைத்த பிள்ளைகளோடு வந்திருக்கும் அன்னையரே! முதல் வரிசையிலிருந்து "சுருக்கமா முடிங்க" என்று வாயசைக்கும் என் மனைவியே! அனைவருக்கும் வணக்கம்.

மண்ணைவிட்டு மறைந்த புதர்க்காடை மறுபடி பிறந்துவிட்டது! பழைய இறகொன்றில் எஞ்சியிருந்த மரபணுவைப் படித்தார்கள். இன்றைய காடையின் மரபணுவை அதற்கேற்பத் திருத்தினார்கள். அப்படிக் கிடைத்த முட்டையை ஒரு கோழி அடைகாத்தது. இல்லாமல் போனது இமை திறந்தது! இறந்த இனம் இரை கேட்டது!

"குஞ்சு எங்க சார்? பாப்பா கேக்குறா" என்கிறார், மகளைத் தோளில் ஏற்றி நிற்கும் தம்பி. சொல்கிறேன்.

குஞ்சைக் கையில் ஏந்திவந்து காட்டுவதுதான் எனக்கு இட்ட பணி. பக்கத்து அறையில், கோழியின் சிறகுக்குள் இருக்கிறது. சற்றுமுன் கையை நீட்டினேன். கோழி போட்டது ஒரே கொத்து! இதோ, விரலில் கட்டு. அந்தத் தாய்க்கோழி எனக்குப் போர்த்திய பொன்னாடை! சிரிக்கிறீர்கள், எனக்கு வலிக்கிறது.

குஞ்சு கத்தியது, உடல் முழுவதும் வெடவெடத்தது.

"விடுங்க சார், பயந்தே செத்துடும்!" என்று பதறினார் ஆய்வுக்கூடத் தலைவி.

"வெறுங்கையோட போனா சபை நம்மள உரிச்சுடும் சார்" என்றார் விழாச் செயலாளர்.

அதட்டினால் சரி என்றுவிடும் ஆள் நான். அதற்குத்தான் வாயும் திறந்தேன். ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. அந்தப் பழைய இறகு எதனுடையது? துப்பாக்கியால் சுட்டு வீழ்த்திய கடைசிப் புதர்க்காடையுடையது. அதை ஏன் சுட்டார்கள்? பசிக்கா? இல்லை. பகைக்கா? இல்லை. அருங்காட்சியகத்தில் பார்வைக்கு வைப்பதற்கு! பார்க்கும் ஆசையால் அழித்தோம். பார்க்கும் ஆசைக்காகவே படைத்தோமா? மரபணுவைத் திருத்தினோமே, மனத்தைத் திருத்தினோமா? உயிர் கொடுத்துவிட்டதால் அந்த உயிரை உலுக்கும் உரிமையும் வந்துவிடுமா? நான் நினைப்பது பிழையாகவும் இருக்கலாம். ஆனாலும் கையை எடுத்துவிட்டேன்.

"சபையையே கேட்டுடலாமே ஐயா" என்கிறார் அவைத்தலைவர். கேட்கிறேன். கொண்டுவரவா?

தம்பி முந்திக்கொள்கிறார்: "வேணாம் சார்! இவ பொறந்தப்ப நாங்களே யாரையும் தொட விடல. மாமியார் இன்னும் முறைக்கிறாங்க!"

அடடா, எத்தனை தலைகள் ஆடுகின்றன! இறந்த இனம் எழுந்தது அதிசயம். பார்க்க வந்த கூட்டம் பார்க்காமலே மகிழ்வது அதைவிட அதிசயம்!

ஐயையோ, கைதட்டிவிடாதீர்கள்! சுவருக்கு அந்தப் பக்கம்தான் தூங்குகிறது. உங்கள் பெரிய மனத்துக்கு என் நன்றி. மைக்கை அணைத்துவிடுகிறேன். எழும்போது நாற்காலியை மட்டும் இழுக்காதீர்கள். மெதுவாக, வணக்கம்.