கழித்துவிடப்பட்ட ஐந்து சுற்றுகள்

என் பெயரும் முகவரியும் இதன் முதல் தாளில் எழுதப்பட்டிருக்கின்றன. வயது முப்பத்தாறு. மேற்படி முகவரியில் கணவருடன் குடியிருந்து வந்தேன். போன வாரத்திலிருந்து அம்மா வீட்டில் இருக்கிறேன். கார் பந்தயக் குழு ஒன்றில் சுற்று நேரங்களை வரைபடமாக்கிப் படித்துச் சொல்வது என் வேலை. அந்தக் குழுவின் முதலாளி என் கணவர். அதன் ஓட்டுநர் என் உடன்பிறந்த தம்பி. பந்தயத்தின்போது பாதையோரம் நின்று ஓட்டுநர்களுக்குக் கொடி காட்டும் கொடிக்காரர் ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டது சம்பந்தமாகத் தம்பியின் மீது பதிவாகியிருக்கும் வழக்கில், யாரும் கூப்பிடாமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று கேட்டதற்குச் சொல்வதாவது: பயிற்சி ஓட்டத்தில் வண்டி ஒவ்வொரு சுற்று முடிக்கும்போதும் அதன் நேரம் எனக்கு வந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி கீழே இருந்தால் வேகம், மேலே ஏறினால் வேகம் குறைவு. பாதையை மூன்று பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு வரைபடம் போடுவேன். முன்னால் வேறு வண்டி குறுக்கிட்டுக் கெட்டுப்போன சுற்றுகளைப் பலரும் வரைபடத்திலிருந்து கழித்துவிடுவார்கள், படம் பார்க்க அழகாக இருக்கும் என்று. நான் கழிப்பதில்லை. அவற்றை உள்ளே நிரப்பாத வெறும் வட்டமாக வைப்பேன். ஷெட்டில் எல்லோரும் என்னைப் புள்ளியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிட வயதில் மூத்த தலைமை மெக்கானிக்கும் அப்படியே. மேற்படி மெக்கானிக்கை நாங்கள் மீசைக்காரர் என்போம். மீசையை எடுத்துப் பல வருடம் ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் பயிற்சி நடந்தது. தம்பி நீண்ட ஓட்டம் ஓடினான். அதன்பிறகு நான் வரைபடங்களைப் பார்த்தபோது, முதல் பகுதியிலும் இரண்டாம் பகுதியிலும் புள்ளிகள் ஒரே வரிசையாக இருந்தன. மூன்றாம் பகுதியில் மட்டும் கடைசி ஐந்து சுற்றுகளில் புள்ளிகள் ஒன்றைவிட ஒன்று மேலே ஏறிக்கொண்டே போயின. டயர் தேய்ந்திருந்தால் மூன்று பகுதியிலும் ஏறியிருக்க வேண்டும். மூன்றாம் பகுதியில்தான் நீண்ட நேர்ப்பாதையின் முடிவில், கொண்டை ஊசி போல் திரும்பும் ஒரு முட்டுவளைவு இருக்கிறது. பாதையிலேயே அதிகமாகப் பிரேக் பிடிக்கும் இடம் அதுதான். சூடேறச் சூடேறப் பிரேக் பிடிக்கவில்லை, அதனால் அவன் ஒவ்வொரு சுற்றும் இன்னும் கொஞ்சம் முன்னதாகவே மிதிக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. உடனே கணவரிடம் காட்டினேன்.

அவர் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி எவனாவது மெதுவா போயிருப்பான். அந்த அஞ்சு சுத்தையும் கழிச்சுட்டுப் பாரு, நேரா வரும்" என்றார். "முன்னாடி யாருமே இல்லைங்க. எல்லா வண்டியோட நேரத்தையும் பார்த்துட்டேன்" என்றேன். அதற்கு அவர், "சரி, பிரேக் பேட் எல்லாத்தையும் மாத்தச் சொல்றேன். நீ போய்ச் சாப்பிடு" என்றார். நான் போய்ச் சாப்பிட்டேன். நிம்மதியாகவே சாப்பிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இதைத் தம்பியிடம் நேரில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்குச் சொல்வதாவது: எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பயிற்சி முடிந்ததிலிருந்து பந்தயம் முடியும்வரை ஓட்டுநரிடம் ஒருவர்தான் வண்டியைப் பற்றிப் பேச வேண்டும். ஆளுக்கு ஒன்று சொன்னால் அவன் மனம் குழம்பும் என்பதால் இந்த ஏற்பாடு. ஒரே குரல் என்று அதைச் சொல்வோம். அந்தக் குரல் என் கணவருடையது. அது நல்ல கட்டுப்பாடு என்று மற்றவர்களிடம் வாதாடியவளே நான்தான்.

மறுநாள் காலை பந்தயத்துக்கு முன் சிறிய பயிற்சி ஒன்று இருந்தது. புது பிரேக் பேட் போட்டால் முதல் இரண்டு மூன்று சுற்றுகளை மெதுவாக ஓட்டி அதைப் பழக்க வேண்டும். வரைபடத்தில் அந்தப் புள்ளிகள் உயரத்தில் நிற்கும். தம்பியின் முதல் சுற்றே வேகமாக வந்தது. நான் கணவரிடம், "புதுசு போட்டா முதல்ல மெதுவாத்தானே வரணும்?" என்று கேட்டேன். அவர் சிரித்து, "மீசைக்காரர் நேத்தே ரெண்டாவது வண்டியில போட்டு ஓட்டிப் பழக்கிட்டார். உன்கிட்ட எதையாவது மறைக்க முடியுமா?" என்றார். அப்படிப் பழக்கி எடுத்து மாற்றுவதும் வழக்கத்தில் உண்டு. சில சுற்றுகள் மட்டும் ஓடியதால் பிரேக் சூடேறவில்லை. மூன்றாம் பகுதியிலும் புள்ளிகள் ஒழுங்காகவே இருந்தன. காதில் பூச்சுற்றுகிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பன்னிரண்டு வருடமாக ஒரே தட்டில் சாப்பிட்ட மனிதர்.

அதன்பிறகு தம்பி வண்டியில் ஏறி உட்கார்ந்து, தலைக்கவசம் மாட்டும் முன் ஷெட்டின் மறுகோடியில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தான். பேசக் கூடாது என்பதால் புருவத்தை மட்டும் உயர்த்தினான். நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். பிரேக் மாற்றியாகிவிட்டது, தைரியமாகப் போ என்பது என் அர்த்தம்.

பந்தயம் பாதியைத் தாண்டியபோது மூன்றாம் பகுதியில் புள்ளிகள் முந்தின நாளைப் போலவே ஏற ஆரம்பித்தன. ரேடியோ என் கணவரிடம் மட்டும் இருந்தது. நான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி, "அவனை உள்ள வரச் சொல்லுங்க, இப்பவே" என்றேன். அவர் தலையசைத்து, ரேடியோவை அழுத்தி ஏதோ பேசினார். வண்டிகளின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, உதடு அசைந்ததைப் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டார் என்று நினைத்து, வண்டி உள்ளே நுழையும் பாதையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வண்டி அந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த சுற்றின் புள்ளியும் வரவில்லை. முட்டுவளைவில் வண்டி தடுப்பை உடைத்துக்கொண்டு போய் அங்கே நின்ற கொடிக்காரர் மீது மோதியதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் தம்பியின் காலில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, பழம் உரித்து, கொட்டை எடுத்து, அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அவர் மருந்து வாங்கக் கீழே போனபிறகு தம்பி என்னிடம் சொன்னதை அவன் சொன்னபடியே சொல்கிறேன்.

"உன்மேல கோவம் இல்லக்கா. யாரா இருந்தாலும் தப்பு வரும்."

என்ன தப்பு என்று கேட்டேன். அதற்கு அவன், "முந்தின நாளே மிதிச்சா பிரேக் பிடிக்காம உள்ள போகுதுன்னு மாமாகிட்ட சொன்னேன். அக்கா புள்ளியெல்லாம் பார்த்துட்டா, பிரேக் நல்லாத்தான் இருக்கு, உன் கால்தான் தயங்குதுன்னு அவ சொன்னதா மாமா சொன்னார். ஏறும்போது உன்னையும் பார்த்தேன். நீயும் விரலைக் காட்டின. நடுவுல ரேடியோவுல கூட, அக்கா பார்த்துட்டேதான் இருக்கா, வெறும் டயர்தான், அப்படியே போன்னார். போனேன்" என்றான்.

நான் நடந்ததைச் சொன்னேன். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "நீ பண்ணதுக்கு மாமாவை ஏன்க்கா இழுக்கிற? எனக்கு முதல் வண்டி வாங்கிக் கொடுத்ததே அவர்தான்" என்றான். அதற்குள் கணவர் மருந்துடன் வந்துவிட்டார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அவன் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். மன்னித்துவிட்டவனோடு எப்படிச் சண்டை போடுவது?

அதன்பிறகு ஷெட்டுக்குப் போய் மீசைக்காரரிடம் கேட்டதற்கு அவர், "கையில வேற செட் இல்லம்மா. ஓட்டலன்னா விளம்பரக்காரங்க அடுத்த வருஷம் கைகழுவிடுவாங்கன்னு முதலாளி சொன்னார். புள்ளியக்கா என்ன சொல்லுதுன்னு கேட்டேன். அவளும் சரின்னுட்டதா சொன்னார். நீங்களே சரின்னா எனக்கென்ன?" என்றார். இரண்டாவது வண்டியில் எதையும் போட்டுப் பழக்கவில்லை என்றும் சொன்னார். இதை எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்லத் தயார் என்றார்.

என் கணவர் தங்களிடம் கொடுத்திருக்கும், பந்தயத்துக்கு முந்தின நாள் பயிற்சியின் வரைபடத்தை இப்போது எனக்குக் காட்டினீர்கள். அது என் வரைபடம்தான், அடியில் இருப்பது என் பெயர்தான். ஆனால் அதில் கடைசி ஐந்து சுற்றுகள் இல்லை. வெறும் வட்டம் ஒன்றுகூட இல்லை. குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் போன புள்ளிகளையெல்லாம் மறைக்கும் வசதி அந்த மென்பொருளில் இருக்கிறது. அதைப் போட்டு எடுத்திருக்கிறார். வண்டியில் குறை இல்லை, பையன் கண்மண் தெரியாமல் ஓட்டினான் என்று சொல்ல இந்தப் படம் அவருக்குப் போதும். கழிக்காத நேரங்கள் பாதையின் நேரக்கணிப்பு அலுவலகத்தில் இருக்கின்றன. அங்கிருந்து நேரடியாக வாங்கிக்கொள்ளுங்கள், என்னிடமும் வாங்க வேண்டாம், அவரிடமும் வாங்க வேண்டாம்.

ஷெட்டிலிருந்து திரும்பிய அன்று வீட்டில் கணவருடன் என்ன பேச்சு நடந்தது என்று கேட்டதற்குச் சொல்வதாவது: நான் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. "ஓட்டுற உரிமம் போனா அவன் வேற வேலை பார்ப்பான். குழு போனா இத்தனை பேர் குடும்பமும் நடுத்தெருவுல நிக்கும். நம்ம வீட்டுப் பையன்தானே, நாமளே பார்த்துக்கலாம்" என்றார். "அவனை நம்ப வைக்க என் பேரை ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, "உன் பேரைச் சொல்லலன்னா அவன் ஏறியே இருக்க மாட்டானே" என்றார். ஏதோ கணக்கு விளக்குவதுபோல் சொன்னார். அதன்பிறகு நான் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். முதுகில் குத்தினார் என்று சொல்லமாட்டேன். என் கையைப் பிடித்து, அந்தக் கையாலேயே என் தம்பியைக் குத்தினார். எனக்கு ஆறவே இல்லை.

அடிபட்ட கொடிக்காரர் இன்னும் கண் திறக்கவில்லை என்று அறிகிறேன். அவருடைய மனைவியைப் பார்க்கப் போனேன். தம்பி கண்மண் தெரியாமல் ஓட்டித்தான் இடித்தான் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் விளக்கம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை.

வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டதற்குச் சொல்வதாவது: ஒரு கோரிக்கை இருக்கிறது. என் கணவருக்கு என்ன ஆகிறது என்பது சட்டத்தின் பாடு. இந்த வாக்குமூலத்தைத் தயவுசெய்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய், தாங்களோ தங்கள் காவலர் ஒருவரோ என் தம்பியிடம் படித்துக் காட்ட வேண்டும். நான் அப்போது அந்த அறையில் இருக்கமாட்டேன். நான் சொன்னால் அவன் நம்பமாட்டான். அக்கா சொன்னாள் என்று கேட்டுக் கேட்டுத்தான் அவன் அந்தப் படுக்கையில் கிடக்கிறான்.

மேலே எழுதியதை அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். ஓரிடத்தில் "எங்கள் வரைபடம்" என்று எழுதியிருந்ததை "என் வரைபடம்" என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். மற்றதெல்லாம் நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், நடந்ததை நடந்தபடியே சொல்லிக் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
ஓட்டுநரின் அக்கா

என் முன்னிலையில் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது.
(ஒப்பம்)
விசாரணை அதிகாரி